மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017: யாரிடம் கேட்பது, யார் கேட்பது?

சில வருடங்களுக்கு முன் என் டீமில் இருந்த தம்பி ஒருவர் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கடுமையான மனச்சோர்வு. வீடு திரும்பியதும் ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸில் கிளெய்ம் போட்டார். வந்த பதில் இரண்டே வரி. மனநோய் இந்தப் பாலிசியின் விலக்குப் பட்டியலில் இருக்கிறது, ஆகவே தொகை தர இயலாது. காகிதங்களை எனக்கு அனுப்பிவிட்டு, "அண்ணா, இதை யார்கிட்ட கேக்குறது?" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. "எச்.ஆர்.கிட்ட பேசிப் பாருங்க" என்றேன். அவர் பேசவில்லை. பேசினால் எதற்காகப் படுத்திருந்தார் என்று சொல்ல வேண்டும். டைபாய்டு என்று சொல்லித்தான் லீவு எடுத்திருந்தார். பணத்தைக் கைக்காசிலிருந்தே கட்டிவிட்டு, ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

பிறகு வேறு ஏதோ தேடப்போய் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை முழுசாகப் படித்தேன். 126 பிரிவுகள். 21-வது பிரிவின் 4-வது உட்பிரிவுக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். உடல்நோய்க்கான சிகிச்சைக்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு உண்டோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் வழிசெய்ய வேண்டும் என்கிறது அது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் அதே வருடம் ஆகஸ்டில் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதாவது, தம்பிக்கு அந்தக் கடிதம் வந்த நாளில் அப்படி மறுக்கச் சட்டத்தில் இடமே இல்லை. அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இந்தப் பதிவு அந்தச் சட்டத்தைப் பற்றிய ஒரு வாசிப்பு. நான் வக்கீல் இல்லை. இருபது வருடமாக மென்பொருள் எழுதுகிறவன். ஒரு சிஸ்டத்தின் ஆவணத்தைக் கொடுத்தால் "இதை யார், எந்த வழியாகக் கூப்பிடுவார்கள்?" என்று பார்ப்பது பழக்கம். சட்டத்தையும் அப்படித்தான் படித்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்

இது அக்கறையோடு எழுதப்பட்ட சட்டம். 1912-ல் நம்மிடம் இருந்தது பைத்தியக்காரர் சட்டம். அதற்குப் பதிலாக வந்த 1987 மனநலச் சட்டத்தில் மனித உரிமைகளுக்கென்று ஓர் அத்தியாயம் இருந்தது. அந்த அத்தியாயத்தில் இருந்தது ஒரே ஒரு பிரிவு. 2017 சட்டத்தில் 18 முதல் 28 வரை பதினொரு பிரிவுகள் நோயாளியின் உரிமைகளை மட்டுமே பேசுகின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்றுக்கொண்டதும், அதற்கேற்பச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று பத்தாண்டுகள் விடாமல் பேசியவர்கள் இருந்ததும்தான் இதற்குக் காரணம்.

18-வது பிரிவு 'ஒவ்வொரு நபருக்கும்' அரசு நடத்தும் அல்லது அரசு நிதி தரும் மனநல சேவையைப் பெறும் உரிமை உண்டு என்கிறது. இன்னும் ஒரு படி மேலே போகிறது. குறைந்தபட்ச சேவைகள் உங்கள் மாவட்டத்தில் இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறு எங்காவது சிகிச்சை எடுத்துக்கொள்ளலாம்; செலவு அரசுடையது. எங்கள் தொழிலில் இதை ஃபால்பேக் என்போம். முதல் வழி அடைத்திருந்தால் இரண்டாவது வழி என்ன என்று எழுதிவைப்பது. நம் ஊர்ச் சட்டங்களில் இதை நான் அதிகம் பார்த்ததில்லை.

19-வது பிரிவு, குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்பதற்காக மட்டும் யாரையும் மனநல மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. 95-வது பிரிவு எந்த முறையிலும் எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. அந்த வரியைப் படிக்கும்போது ஏர்வாடி நினைவுக்கு வராமல் இருக்காது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் கீற்றுக்கொட்டகை தீப்பிடித்தபோது, உள்ளே இருந்தவர்களால் ஓட முடியவில்லை. கட்டியிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக எடுத்த வழக்கின் தலைப்பில் இருக்கும் எண்ணிக்கை 25. மற்ற மூவர் பிறகு இறந்தவர்கள்.

ஆக, எழுத்தில் எல்லாம் இருக்கிறது. சிக்கல், "யார் கூப்பிடுவார்கள்?" என்ற கேள்வியில்.

மனு கொடுக்க யாருக்கு உரிமை?

இந்தச் சட்டத்தின் இதயம் மனநல மறுஆய்வு வாரியம். மாவட்ட நீதிபதி நிலையில் ஒரு தலைவர், கலெக்டரின் பிரதிநிதி, ஒரு மனநல மருத்துவர், இன்னொரு மருத்துவர், நோயை அனுபவித்தவர்கள் அல்லது பராமரிப்பவர்கள் அல்லது தொண்டு நிறுவனத்தார் தரப்பிலிருந்து இரண்டு பேர். உரிமை மீறப்பட்டால் இங்கேதான் போக வேண்டும். கட்டணம் கிடையாது. உள்நோயாளியாக இருப்பவர் விசேஷ சூழ்நிலையில் போனில்கூட மனு சொல்லலாம். நல்ல ஏற்பாடு.

இந்த வாரியத்துக்கு யார் மனு கொடுக்கலாம்? 77-வது பிரிவு மூன்று பேரைச் சொல்கிறது: நோயாளி, அவருடைய நியமனப் பிரதிநிதி, நோயாளியின் சம்மதத்தோடு பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி. அவ்வளவுதான்.

இப்போது ஒரு வீட்டின் பின்கட்டில் பத்து வருடமாகப் பூட்டிவைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவரால் மனு எழுத முடியாது. அவருடைய நியமனப் பிரதிநிதி யார்? நாமே எழுதி நியமிக்காவிட்டால் சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. அதில் உறவினர் முன்னால் நிற்கிறார். பூட்டியதும் அநேகமாக அந்த உறவினர்தான். தொண்டு நிறுவனத்துக்கு நோயாளியின் சம்மதம் வேண்டும். பூட்டிய கதவுக்கு அந்தப்பக்கம் இருப்பவரிடம் போய் எப்படிச் சம்மதம் வாங்குவது?

பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்யலாம்? அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். 101-வது பிரிவின்படி, மனநோயாளி ஒருவரை அவரைக் கவனித்துக்கொள்ள வேண்டியவரே கொடுமைப்படுத்துகிறார் அல்லது கைவிட்டிருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், யாராக இருந்தாலும் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். கவனியுங்கள், 'தெரிவிக்கலாம்' இல்லை, 'தெரிவிக்க வேண்டும்'. அதாவது அக்கம்பக்கத்தாருக்குக் கடமை உண்டு; வாரியத்தில் மனு கொடுக்கும் உரிமை இல்லை. வழி ஸ்டேஷன் வழியாக மட்டும். நம் தெருவில் எத்தனை பேர் இதற்காக ஸ்டேஷன் படி ஏறுவார்கள்? "அது அவங்க குடும்ப விஷயம் சார்" என்பதோடு முடிந்துவிடும்.

வீடாக இல்லாமல் ஒரு காப்பகமாகவோ மருத்துவமனையாகவோ இருந்தால் 82-வது பிரிவில் ஒரு ஜன்னல் இருக்கிறது. உரிமை மீறல் நடப்பதாக வாரியத்தின் கவனத்துக்கு வந்தால், வாரியம் ஆய்வு நடத்தலாம். இங்கே மட்டும் 'லாம்'.

மறுபக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். போகிற வருகிறவர்கள் எல்லாம் ஒருவருடைய நோயைப் பற்றி மனு போட்டால் அவருடைய அந்தரங்கம் என்னாவது? உதவி என்ற பெயரில் மூன்றாம் மனிதர்கள் செய்த அநியாயமும் குறைவில்லை. சம்மதம் கேட்க வேண்டும் என்ற நிபந்தனை அந்த அனுபவத்திலிருந்து வந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. சம்மதம் சொல்லவே முடியாத நிலையில் வைக்கப்பட்டவருக்கு என்ன வழி என்பதைச் சட்டம் யோசிக்காமல் விட்டுவிட்டது என்பதுதான் என் குறை.

கடிதம் எழுதியவர்கள்

இது ஏன் எனக்கு உறுத்துகிறது என்றால், இந்தியாவில் மனநோயாளிகளின் உரிமை வரலாறே மூன்றாம் மனிதர்கள் எழுதிய கடிதங்களின் வரலாறு.

1982-ல் ஹசாரிபாக் சிறையில் மனநோயாளிகள் என்று பல ஆண்டுகளாக அடைத்துவைத்திருந்தவர்களைப் பற்றி அவ்வூர் இலவசச் சட்ட உதவிக் குழு உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் போட்டது. விசாரித்தால், சிலர் 20 வருடத்துக்கும் மேலாக உள்ளே இருந்தார்கள்; குணமான பிறகும் விடவில்லை. ராஞ்சி பக்கத்தில் காங்கே மனநல மருத்துவமனையின் அவலத்தைப் பற்றித் தலைமை நீதிபதிக்கு எழுதியவர்கள் பாட்னாவைச் சேர்ந்த இரண்டு குடிமக்கள். குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 1993-ல் தீர்ப்பு வந்தது ஷீலா பார்ஸே என்ற பத்திரிகையாளர் போட்ட வழக்கில். உத்தரப் பிரதேசம் பதாயூனில் மத வழிபாட்டுத் தலம் சார்ந்த காப்பகத்தில் மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டியிருந்ததை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் வழக்கறிஞர் கௌரவ் குமார் பன்சல். சங்கிலியில் கட்டுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவை மீறுவது என்று 2019 ஜனவரியில் நீதிமன்றம் சொன்னது. அப்போது நம் சட்டம் நடைமுறைக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

இவர்கள் யாரும் அங்கே அடைபட்டிருந்தவர்களின் உறவினர்களாகப் போகவில்லை. உள்ளே இருந்தவர்களிடம் சம்மதக் கடிதம் வாங்கிக்கொண்டும் போகவில்லை. பொதுநல வழக்கு என்ற கதவு திறந்திருந்தது, தட்டினார்கள். அப்படிப்பட்டவர்களின் உழைப்பில் முளைத்த சட்டம், தன்னுடைய சொந்த வாரியத்தில் அவர்களைப் போன்றவர்களுக்கு நாற்காலி போடவில்லை. இன்றும் அந்நியர் ஒருவர் கேட்க வேண்டுமென்றால் உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோதான். ஏழை வீட்டுப் பிரச்சினைக்கு உள்ளூரிலேயே தீர்வு வேண்டும் என்றுதானே வாரியம் என்ற யோசனையே வந்தது?

'அதே அடிப்படை' என்ற தந்திரம்

காப்பீட்டுக்கு வருவோம். சுற்றறிக்கை வந்தும் நிறுவனங்கள் இழுத்தடித்தன. அதையும் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் பன்சல்தான். 2021-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கில், பாலிசித் தொகை பல லட்சமாக இருக்க, மனநோய்க்கு மட்டும் 50,000 ரூபாய் என்று நிறுவனம் உச்சவரம்பு போட்டிருந்தது. சட்டம் வந்த நாளிலிருந்தே 21(4) பொருந்தும் என்றது நீதிமன்றம். கடைசியில் 2022 அக்டோபர் 31-க்குள் எல்லாப் பாலிசிகளும் மனநோயைச் சேர்த்தாக வேண்டும் என்று ஆணையம் கெடு வைத்தது.

வெற்றிதான். ஆனால் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். பெரும்பாலான பாலிசிகள் பணம் தருவது 24 மணி நேரமாவது படுத்திருந்தால்தான். உடல்நோய்க்கும் அப்படித்தானே, 'அதே அடிப்படை'தானே என்பார்கள். சரிதான். மனநோய்ச் சிகிச்சை எப்படி நடக்கிறது? மாதம் ஒருமுறை டாக்டர், தினமும் மாத்திரை, வாரம் ஒருமுறை கவுன்சிலிங். வருடக்கணக்கில். பலர் ஒருநாள்கூடப் படுப்பதில்லை. அந்தச் செலவில் ஒரு ரூபாயும் திரும்ப வராது. இரண்டு பேருக்கும் ஒரே அளவு சட்டை கொடுத்துவிட்டுச் சமத்துவம் என்பது போல. உடல்நோயை மனதில் வைத்து அளவெடுத்த சட்டை அது.

சட்டத்தின் வாசகத்தை எழுதியவர்கள் பாகுபாட்டை ஒழிக்கத்தான் 'அதே அடிப்படை' என்று எழுதினார்கள். நிறுவனங்கள் அதைச் சுவராக மாற்றிக்கொண்டன. புறநோயாளிச் சிகிச்சை சேர்ந்தால்தான் 21(4)-க்கு அர்த்தம் என்று அடுத்த கட்டமாகக் கேட்டிருக்க வேண்டியது நாம்தான். விலக்குப் பட்டியலிலிருந்து பெயர் எடுபட்டதோடு வேலை முடிந்ததாக நினைத்து வீட்டுக்குப் போய்விட்டோம்.

115-ம் 226-ம்

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது இந்திய தண்டனைச் சட்டம் 309. 2017 சட்டத்தின் 115-வது பிரிவு அதைச் செயலிழக்க வைத்தது: முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், வேறுவிதமாக நிரூபிக்கப்பட்டால் ஒழிய வழக்கு நடத்தக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. பல வருடம் போராடிப் பெற்றது.

2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதில் 309-க்கு இணையான பிரிவு இல்லை. நல்லது. ஆனால் 226 என்று ஒன்று இருக்கிறது. அரசு ஊழியர் ஒருவரைத் தன் கடமையைச் செய்யவைக்கவோ, செய்யவிடாமல் தடுக்கவோ தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. 115-வது பிரிவு பெயர் சொல்லிக் காப்பாற்றுவது பழைய 309-லிருந்து. அந்த முகவரியில் இப்போது ஆள் இல்லை. பக்கத்துத் தெருவில் புதிதாக ஒருவர் குடிவந்திருக்கிறார்.

இது ஏட்டளவுச் சந்தேகம் இல்லை. திங்கட்கிழமை மனுநாளில் நம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போலீஸார் பையைத் திறந்து மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பது ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமைக்காகப் பலமுறை மனு கொடுத்தும் பலனில்லாமல் நெல்லை கலெக்டர் ஆபீஸில் ஒரு குடும்பமே எரிந்துபோனது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். அவர்களில் பெரியவர் ஒருவர் பிழைத்திருந்தால், இன்றைய சட்டத்தில் அவர் 115 சொல்லும் அழுத்தத்தில் இருந்தவரா, 226 சொல்லும் குற்றவாளியா? அரசிடம் கேட்டுக் கேட்டு ஓய்ந்தவர்கள்தானே அந்த வாசலுக்குப் போகிறார்கள்? 115-வது பிரிவில் 226-ஐயும் சேர்த்து ஒரு வரி திருத்தம் போதும். கேட்பார் வேண்டும்.

தேதி போட்ட ஒரு வாக்குறுதி

சட்டத்தில் அரசுக்கு இருக்கும் கடமைகளை வரிசையாக எழுதி, பக்கத்தில் "எப்போதுக்குள்?", "செய்யாவிட்டால்?" என்று இரண்டு கட்டம் போட்டுப் பார்த்தேன். நோயாளிகள் சமூகத்தில் வாழ இடைநிலை இல்லங்கள், குழு இல்லங்கள் அமைப்பது 'நியாயமான காலத்துக்குள்'. மனநல வல்லுநர்களின் எண்ணிக்கையைச் சர்வதேச அளவுகோலுக்கு உயர்த்த 'முயற்சி எடுப்பது' பத்து ஆண்டுகளுக்குள். "செய்யாவிட்டால்?" என்ற கட்டம் பெரும்பாலும் காலி. சட்டத்தை மீறும் தனிநபருக்கு முதல்முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. வாக்குறுதியை நிறைவேற்றாத அரசுக்கென்று தனியாக எதுவும் இல்லை.

நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு மனநலப் பாதிப்போடு இருக்கிறார்கள். நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை. இந்த இடைவெளியை அடைக்கத்தான் அந்தப் பத்து வருடக் கெடு. அது 2028 மே மாதம் முடிகிறது. எந்தக் கட்சி மேடையிலாவது இந்தத் தேதியைக் கேட்டிருக்கிறீர்களா?

சரி, நாம் என்ன செய்யலாம்?

தீ பிடித்தால் பேசுகிறோம். தீர்ப்பு வந்தால் பகிர்கிறோம். நடுவில் இருக்கும் சாதாரண நாட்களில் சட்டத்தை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. சட்டம் கேட்டால் மட்டும் வேலை செய்கிற மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. கேட்க வேண்டியவரோ கேட்க முடியாத நிலையில் அல்லது கேட்க வெட்கப்படும் நிலையில் இருக்கிறார். ஆகவே நோயில்லாத காலத்தில், நோயில்லாதவர்கள் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

ஒன்று, உங்கள் நியமனப் பிரதிநிதியை இன்றே எழுதிவையுங்கள். 14-வது பிரிவு கேட்பது ஒரு வெள்ளைத்தாளும் உங்கள் கையெழுத்தும். எழுதாவிட்டால், உங்கள் சம்மதமில்லாமல் உங்களைச் சேர்க்க விண்ணப்பிக்கும் அதிகாரம் வரிசைப்படி உறவினரிடம் போகும். உறவினர் நல்லவராக இருந்தால் சரி. சொத்துத் தகராறு உள்ள வீட்டில் கொஞ்சம் யோசியுங்கள்.

இரண்டு, கிளெய்ம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். 21(4)-ஐக் குறிப்பிட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டு ஓம்பட்ஸ்மன். அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

மூன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. என் மாவட்டத்துக்கான மறுஆய்வு வாரியம் எது, உறுப்பினர்கள் யார், இதுவரை எத்தனை முறை கூடியது, எத்தனை மனு வந்தது, எத்தனை தீர்ந்தது? நோய் வரும் முன்பே 'எனக்கு இந்தச் சிகிச்சை வேண்டும், இது வேண்டாம்' என்று எழுதிவைக்கும் முன் அறிவுறுத்தல்களை வாரியம் ஆன்லைன் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும் என்கிறது 7-வது பிரிவு. அந்தப் பதிவேடு எங்கே இருக்கிறது? பத்து ரூபாய் செலவு. மாவட்டத்துக்கு ஒருவர் கேட்டால்கூடப் போதும், படம் கிடைத்துவிடும். நான் என் மாவட்டத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.

மனசு சரியில்லாமல் இதைப் படித்துக்கொண்டிருப்பவர் யாராவது இருந்தால், 14416 டெலி மானஸ் எண். எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

இதை எழுதும் முன் அந்தத் தம்பிக்கு போன் செய்து அனுமதி கேட்டேன். நன்றாக இருக்கிறார், போன வருடம் கல்யாணம் ஆயிற்று. சட்டப் பிரிவைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எழுதுங்கண்ணா, யாருக்காவது உதவும். என் பேரு மட்டும் வேண்டாம்" என்றார். போடவில்லை.